கூறு கட்டி விக்கிற ஏரி மீனைத் தாண்டிப் போகாதீங்க

1/ ஞாயித்துக்கிழமை மார்க்கெட்டுக்குப் போனா நம்ம கண்ணு போறது வஞ்சிரம், வவ்வால், இறால் மேலதான். ஏரி மீன் வாங்கினாலும் விரால், இல்லாட்டி பெரிய கட்லாவுல நடுத்துண்டு. ஓரமா கூறு கட்டி வெச்சிருக்கிற கெண்டைப்பொடி, உளுவை, குறவை, ஜிலேபியை அப்படியே தாண்டிப் போயிடறோம். "முள்ளு", "சேத்து வாடை", "அது இல்லாதவங்க திங்கற மீன்" இதெல்லாம்தான் காரணம். ஒவ்வொண்ணா பார்ப்போம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

2/ முதல்ல, இது ஏன் ஒரு டாக்டரோட கவலை? தேசியக் குடும்பநல ஆய்வு 5 (2019-21) சொல்ற கணக்கு: தமிழ்நாட்டில் 15-49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் 57.4 சதவீதம். பாதிக்கு மேல மக்களே! இதுக்கு மாத்திரை வேணும். அதோட சேர்த்து தட்டும் மாறணும்.

3/ எந்த மீனா இருந்தாலும் நல்ல புரதம், பி12 இருக்கு. மீனில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சுலபமா சேரும். அது மட்டுமில்ல, கூடச் சாப்பிடற கீரை, பருப்பில் இருக்கிற இரும்பையும் உடம்பு எடுத்துக்க உதவும். இதுக்கு வஞ்சிரம்தான் வேணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல.

4/ இப்போ "முள்ளு" விஷயம். கட்லா துண்டில் சதையைத் தின்னுட்டு முள்ளை ஒதுக்கிடறோம். மீனில் கால்சியம் பெரும்பாலும் இருக்கறதே அந்த முள்ளிலதான். விரல் நீளப் பொடி மீனை முள்ளோட, தலையோட மென்னு சாப்பிடறவங்களுக்கு அது முழுசா கிடைக்குது. பால் பிடிக்காதவங்க இதைக் கவனிங்க.

5/ பங்களாதேஷில் மோலான்னு ஒரு பொடி மீன் உண்டு. ஏழை வீட்டுக் குளத்து மீன். அதில் வைட்டமின் ஏ ஏராளம், குறிப்பா கண்ணில். இந்த மாதிரிச் சின்ன மீன்களின் சத்தை ஆராய்ஞ்ச சகுந்தலா தில்ஸ்டெட் அம்மையாருக்கு 2021ல் உலக உணவுப் பரிசு கொடுத்தாங்க. நாம தலையைக் கிள்ளி பூனைக்குப் போடறோம்.

6/ முள்ளைச் சமாளிக்க: பொடி மீனைக் கெட்டிப் புளிக்கரைசலில் குக்கரில் வேகவிடுங்க. முள் மெத்துன்னு ஆயிடும். கொஞ்சம் பெரிய கெண்டைன்னா ரெண்டு பக்கமும் குறுக்கே நெருக்கி நெருக்கிக் கீறி, மசாலா தடவி மொறுமொறுன்னு பொரிங்க. சின்னக் குழந்தைக்குன்னா நைசா மசிச்சு, விரலால தடவிப் பார்த்துட்டுக் கொடுங்க.

7/ அப்படியும் தொண்டையில் முள் சிக்கினா? சோத்து உருண்டை, வாழைப்பழம்னு உள்ளே தள்ளாதீங்க. முள் இன்னும் ஆழமா குத்தும். காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க.

8/ அடுத்தது "சேத்து வாடை". அது சேறே இல்ல. தண்ணியில் இருக்கிற நீலப்பச்சைப் பாசியும் சில பாக்டீரியாவும் உண்டாக்கற ஜியோஸ்மின்ங்கிற பொருள். மீனின் தோல்லயும் கொழுப்புலயும் தங்கும். புளிப்பு பட்டா அது சிதையும். நம்ம பாட்டிங்க கல் உப்பு போட்டு உரசிக் கழுவி, புளி தூக்கலா குழம்பு வெச்சது சும்மா இல்ல.

9/ ஜிலேபி கெண்டை பத்தி வாட்ஸ்அப்ல "பன்றிக்கொழுப்பை விட மோசம்"னு ஒண்ணு சுத்துது. 2008ல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வு, பண்ணை ஜிலேபியில் ஒமேகா 6 கூடுதல், ஒமேகா 3 குறைச்சல்னு சொல்லுச்சு. அதை ஊதிப் பெருசாக்கினதுதான் இது. ஜிலேபியில் மொத்தக் கொழுப்பே கம்மி. ஒமேகா 3 வேணுமா, வாரத்தில் ஒரு நாள் மத்தியோ அயிலையோ வாங்குங்க. அதுவும் விலை குறைஞ்ச மீன்தான். இன்னொண்ணு, ஜிலேபி நம்ம ஊர் மீனே இல்ல. 1952ல் இந்தியாவுக்குள் வந்து, நாட்டு மீன்களோட இடத்தைப் பிடிச்சுக்கிச்சு. அதைப் பிடிச்சுத் தின்னா ஏரிக்குப் பாவம் ஒண்ணும் இல்ல.

10/ எச்சரிக்கை மூணு.
அ) சாக்கடையும் ஆலைக்கழிவும் கலக்கற ஏரி மீன் வேண்டாம். கன உலோகம் எவ்வளவு வேகவெச்சாலும் போகாது. எந்த ஏரி மீன்னு கேட்டு வாங்குங்க.
ஆ) ரோகு, கட்லா, கெண்டையோட பித்தப்பையைச் சர்க்கரைக்கு மருந்துன்னு முழுங்கறவங்க இருக்காங்க. தயவு செஞ்சு வேண்டாம்! அதில் இருக்கிற நஞ்சு கிட்னியைச் செயலிழக்க வைக்கும். டயாலிசிஸ் வரை போன கேஸ்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கு. சமைச்சாலும் அந்த நஞ்சு போகாது. குடலோட சேர்த்து எடுத்துத் தூரப் போடுங்க.
இ) கிட்னி பிரச்சினை, யூரிக் ஆசிட் இருக்கிறவங்க அளவை உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. பிரஷர் இருக்கிறவங்க கருவாட்டைக் குறைங்க. உப்பு அதிகம்.

11/ கடைசியா அந்த "இல்லாதவங்க திங்கற மீன்" பேச்சு. கோடையில் கண்மாய் வத்தும்போது புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கம் மீன்பிடித் திருவிழாவில் ஊரே இறங்குது. அன்னிக்கு எல்லார் வீட்டிலயும் குறவையும் கெண்டையும்தான் கொதிக்குது, யாரும் கௌரவம் பார்க்கறதில்ல. டவுனுக்கு வந்தப்புறம்தான் நமக்கு மீனில் சாதி பார்க்கற புத்தி வந்துடுச்சு. கர்ப்பிணிக்கு வஞ்சிரம் வாங்க முடியலைன்னு மீனையே நிறுத்தற குடும்பங்களை நினைச்சாதான் மனசு வலிக்குது.

12/ அதனால அடுத்த ஞாயிறு ஒரு கூறு பொடி மீன் வாங்குங்க. ஆய்ஞ்சு கொடுக்கச் சொன்னா அந்தக்காவே ஆய்ஞ்சு தருவாங்க, அந்த வேலைக்குப் பத்து ரூபா சேர்த்துக் கொடுங்க. தலையை மட்டும் கிள்ள வேண்டாம்னு சொல்லிடுங்க. புளி கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்.