லாரிக்கு மூட்டுவலி

வயதானவருக்கு முழங்காலில் வலி கண்டால் அவர் முனகுகிறார். வீட்டார் உடனே தைலம் தேடுகிறார்கள். வயதான லாரியும் முனகத்தான் செய்கிறது. ஆனால், “பழைய வண்டியென்றால் அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி, அதன்மேல் இன்னும் நாலு மூட்டை ஏற்றி அனுப்புவதுதான் உலக வழக்கமாயிருக்கிறது.

நமக்குத் தெரிந்த அன்பர் ஒருவர் பழைய டாட்டா 407 வண்டியில் தேங்காய் ஏற்றிப் பிழைக்கிறார். 1986-ஆம் ஆண்டில் வெளிவந்த இந்தச் சிறு லாரி, எத்தனையோ வீட்டு வாசல்களில் மாட்டுவண்டி நின்ற இடத்தைப் பிடித்துக் கொண்டது. அன்பரின் வண்டி சில மாதங்களாக நேரே போகச் சம்மதிப்பதில்லை. முன் டயர்கள் ஒரு பக்கமாகவே தேய்கின்றன. வேகம் கூடினால் ஸ்டீயரிங் கைக்குள் நடுங்குகிறது. வாலிபனான தம் மகனைத் துணைக்கு வைத்துக் கொண்டு, தேய்ந்த சாமான்களை வீட்டு முற்றத்திலேயே மாற்றிவிட உத்தேசித்திருக்கிறார். செய்யலாமா என்று நம்மைக் கேட்டார்.

பாதி செய்யலாம் என்பது நம் அபிப்பிராயம்.

இந்த வண்டியின் முன் அச்சு ஒரே துண்டாக அடித்துச் செய்த இரும்பு உத்திரம். அது இரு பக்கமும் பட்டைகளின்மேல் பாரத்தைச் சுமக்கிறது. வில்வண்டியில் ஏறியவர்களுக்கு இந்தப் பட்டையைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. அச்சின் நுனியில் ஒரு கண். அந்தக் கண்ணில் நிற்கும் பருத்த எஃகு முளைக்குக் கிங் பின் என்று பெயர். சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்ஸில் மேலும் கீழுமாக இரண்டு காதுகளால் அதைப் பற்றிக் கொண்டு, கீலில் கதவு திரும்புவது போல் திரும்புகிறது. காதுகளுக்குள் புஷ் என்ற மிருதுவான உலோக வளையம் உண்டு. தேய்வதற்கென்றே பிறந்த ஜன்மம் அது. கிரீஸ் கிடைத்தால் நீண்ட நாள் இருக்கும். கிடைக்காவிட்டால் தான் தேய்ந்து, முளையையும் தேய்த்துவிடும்.

சாமான் வாங்கக் கடைக்கு ஓடுமுன், ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, உச்சியிலும் அடியிலும் கை வைத்து உள்ளும் புறமுமாக அசைத்துப் பார்க்கட்டும். ஆடுகிறதா? இப்போது மகன் பிரேக்கை மிதிக்க, தந்தை மறுபடியும் அசைக்கட்டும். ஆட்டம் நின்று போனால் குற்றம் சக்கரத்துப் பேரிங்கில்; நிற்காவிட்டால் கிங் பின்னில். இடமும் வலமும் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆடினால், ஸ்டீயரிங் தண்டுகளின் மூட்டுக்களைச் சோதிக்க வேண்டும். காலணாச் செலவில்லாத இந்தப் பரீக்ஷையைச் செய்யாமல், கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றிப் பணத்தைக் கரைக்கிறவர்கள் அநேகர்.

புஷ்ஷில் ஒரு மயிரிழைத் தேய்வுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். வகுப்பில் நெம்புகோல் பாடத்தைக் கவனித்த பிள்ளையைக் கேட்டால் சொல்லிவிடுவான். இரண்டு புஷ்களுக்கும் நடுவேயுள்ள தூரத்தைப் போலச் சக்கரத்தின் உயரம் பல மடங்கு. புஷ்ஷிலே மயிரிழையாயிருப்பது டயரின் விளிம்பில் அத்தனை மடங்காகப் பெருகிவிடுகிறது.

இனி, வண்டியைத் தூக்கும் விஷயம். எண்ணெய் ஜாக்கி என்பது தூக்குவதற்கு ஏற்பட்டதே தவிர, தாங்கிக் கொண்டிருப்பதற்கு ஏற்பட்டதல்ல. உள்ளேயிருக்கும் சின்னஞ்சிறு வளையம் ஒன்று தளர்ந்தால், அவ்வளவு கனமும் சத்தமின்றி இறங்கிவிடும். ஆகையால், சிமெண்டுத் தரையில் நிறுத்தி, கைப் பிரேக்கைப் போட்டு, தேர்ச்சக்கரத்துக்குக் கொடுப்பது போல் பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுத்து, அச்சின் கீழ் இரும்பு ஸ்டாண்டுகளை வைத்த பிறகே எவரும் அடியில் தலை நீட்டலாம். செங்கல்லையோ ஸிமெண்டுக் கல்லையோ அடுக்குவது கூடவே கூடாது. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்குகிறவை. கழற்றிய சக்கரத்தைச் சேஸிஸின் கீழ்ப் படுக்க வைப்பதும் நல்லது. அன்பருக்கு இதெல்லாம் வீண் பயமாகத் தோன்றியது. “இருபது வருஷமாக ஜாக்கியை நம்பித்தான் படுக்கிறேன்” என்றார். அடியில் இம்முறை படுக்கப் போகிறவர் யார் என்று நாம் கேட்டோம். மறுநாள் இரண்டு ஸ்டாண்டுகள் இரவல் வந்து சேர்ந்தன!

சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றுவது, பூட்டு முளையைத் தட்டி எடுப்பது, அழுக்கைக் கழுவுவது இவையெல்லாம் முற்றத்திலேயே நடக்கலாம். கிங் பின் துருவேறிப் பிடித்துக் கொண்டால் துரு எண்ணெயை விட்டு ஓர் இரவு பொறுக்க வேண்டும். பெரிய சம்மட்டியால் அடித்தால் முளையின் தலை பரந்து, கண்ணை விட்டு வெளிவராது. நெருப்புக் காட்டி அச்சின் பதத்தைக் கெடுப்பது அதைவிட மோசம்.

முளை வெளிவந்ததோடு வீட்டு வேலை நிற்கட்டும். பழைய புஷ்ஷை நீக்கிப் புதியதை அழுத்தி ஏற்றிய பின், மேல் காதும் கீழ்க் காதும் ஒரே நேர்க்கோட்டில் அமையும்படி ரீமரால் உள்ளளவைச் சீவ வேண்டும். கோடு பிசகினால் முளை இறுகும். தளர்வாகச் சீவிவிட்டால் பழைய ஆட்டம் முதல் நாளே திரும்பும். அரத்தால் இதைச் செய்து காட்டும் சூரர்கள் உண்டு. அவர்கள் வண்டிக்கு எதிரே வர நமக்கு விருப்பமில்லை. ஸ்டப் ஆக்ஸிலை லேத் பட்டறைக்குக் கொண்டு போய்விடுவதே சரி. சாலையில் எதிரே வருகிறவர்கள் இந்தச் சிக்கனத்துக்குச் சம்மதம் கொடுத்தவர்களல்லவே!

திரும்பி வந்ததும், புஷ்ஷின் துவாரம் கிரீஸ் நிப்பிளுக்கு நேரே இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ள வேண்டும். இல்லாவிடில் எத்தனை கிரீஸ் அடித்தாலும் உள்ளே போகாது. அடியில் பாரம் தாங்கும் பேரிங் தலைகீழாகப் போய்விடக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் மாற்றி மறுபக்கத்தை அடுத்த வருஷத்துக்கு ஒத்திப் போட வேண்டாம். கழற்றிய ஸ்ப்ளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போடுவதும் வேண்டாம். புதியது அற்ப விலைதான். முடிவில் சக்கரங்களின் நேர்மையைக் கருவி வைத்துப் பார்க்கும் இடத்துக்கு வண்டி போக வேண்டும்.

முதல் சில நாள் ஓடிய பின் நட்டுகளை மீண்டும் முடுக்கிப் பார்க்கட்டும். பிறகு கிரீஸ். அதை அடிக்கும்போது முன் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி வைத்து அடித்தால், பாரத்தில் நெருங்கியிருக்கும் அடிப் பேரிங்குக்கும் போய்ச் சேரும். பழைய கறுப்புக் கிரீஸ் பிதுங்கிப் புதியது தலை காட்டும்வரை நிறுத்த வேண்டாம்.