உண்டாக்கினவர் எழுதிய எண்

தியானப் பகுதி: 2 இராஜாக்கள் 22:1–13, வெளிப்படுத்தின விசேஷம் 3:14–22





கடந்த சில மாதங்களில் நம் சபையின் பெற்றோர் சிலர் ஒரே வேண்டுகோளோடு என்னிடம் வந்தார்கள். திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ வேலைக்குப் போன பிள்ளை ஊருக்குத் திரும்பியிருக்கிறான். ஆனால் ஆலயத்துக்கு வருவதில்லை; வீட்டிலும் யாரோடும் மனம்விட்டுப் பேசுவதில்லை. "ஐயா, நீங்கள் வந்து நாலு வார்த்தை உறைக்கும்படி சொல்லுங்கள், எப்படியாவது அவன் வாயைத் திறக்க வையுங்கள்" என்பதே அவர்களுடைய வேண்டுகோள். அந்தக் கண்ணீரை நான் அற்பமாக எண்ணவில்லை. ஆயினும் அந்த வேண்டுகோளை அப்படியே ஏற்றுக்கொள்ள என்னால் கூடவில்லை. ஏன் என்பதை ஒரு பழைய மோட்டார் வண்டியைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

கனடாவில் குடியிருக்கும் நம் உறவினர் ஒருவர் சில காலத்துக்கு முன் பழைய ஃபோர்டு கார் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினார். அதன் ஓட்டுநர் கதவில், கைப்பிடிக்கு அருகே, ஐந்து பொத்தான்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பொத்தானிலும் இரண்டிரண்டு இலக்கங்கள். ஐந்து இலக்கமுள்ள ஓர் எண்ணைச் சரியாக அழுத்தினால், சாவி இல்லாமலே கதவு திறக்கும். 1980ஆம் ஆண்டு மாதிரிகளில் அந்த நிறுவனம் அறிமுகப்படுத்திய ஏற்பாடு அது. நம் சேரங்கோட்டுச் சாலையில் ஓடும் ஜீப்புகளுக்கு அப்படிப்பட்ட பூட்டு இல்லை. சில ஜீப்புகளுக்குக் கதவே இல்லை என்பதையும் நாம் அறிவோம்!

வண்டியோடு அவருக்குச் சாவி கிடைத்தது, எண் கிடைக்கவில்லை. அந்த எண்ணை ஒரு சிறிய அட்டையில் அச்சிட்டு, வண்டியின் கையேட்டோடு சேர்த்துக் கொடுப்பது வழக்கம். கைமாறிக் கைமாறி வந்ததில் அந்த அட்டை எங்கோ தொலைந்துபோயிற்று. ஒரு துண்டுக் காகிதத்தின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின், தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்கள் நம் பெரியவர்கள். இலங்கையிலிருந்து கொண்டுவந்த காகிதங்களை இன்றும் தகரப்பெட்டியின் அடியில் பத்திரமாய் வைத்திருக்கிற வீடுகள் இங்கே உண்டு.

அட்டை இல்லாத நம் உறவினர் என்ன செய்வார்? தோன்றிய எண்களையெல்லாம் அழுத்திப் பார்த்தார். ஐந்து பொத்தான்களை ஐந்து முறை அழுத்தும் வகைகள் மொத்தம் 3,125. பொறுமை இருந்தால் எல்லாவற்றையும் முயன்று பார்க்கலாம் என்று தோன்றும். ஆனால் இந்த ஏற்பாடுள்ள பிற்கால வண்டிகளில் ஏழு முறை தவறாக அழுத்தினால் பொத்தான்கள் ஒரு நிமிடம் செயலற்றுப்போகும். அதற்குப் பிறகு எதை அழுத்தினாலும் அந்த நிமிடம் முடியும்வரை பதில் இராது. சலித்துப்போய், அந்தப் பொத்தான் பலகையையே பெயர்த்து எறிந்துவிடலாமா என்று எண்ணும் நிலைக்கு அவர் வந்துவிட்டார்.

அப்போது அனுபவமுள்ள ஒரு மெக்கானிக் அவரிடம் சொன்னாராம்: "எதையும் உடைக்க வேண்டாம். நீங்கள் தேடுகிற எண் வண்டிக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது." உண்மை அதுதான். இத்தகைய வண்டிகளில் இரண்டு வகை எண்கள் உண்டு. ஒன்று, வாங்கினவர் தம் வசதிக்காகத் தாமே வைத்துக்கொள்ளும் எண். அதை மாற்றலாம், அழிக்கலாம், மறந்தும் போகலாம். மற்றொன்று, வண்டியை உண்டாக்கியபோதே தொழிற்சாலையில் கொடுக்கப்பட்ட எண். உரிமையாளரால் அதை மாற்றவோ அழிக்கவோ இயலாது. எத்தனை பேர் கைமாறினாலும் அது வேலை செய்யும். பூட்டை இயக்கும் மின்னணுப் பெட்டியின்மேல் ஒட்டிய சிறு தாளிலோ, டிக்கியின் உட்புறத்திலோ அது அச்சிடப்பட்டிருக்கும். இடம் மாதிரிக்கு மாதிரி வேறுபடும். நம் உறவினர் டிக்கியைத் திறந்து, தூசியைத் துடைத்து, கைவிளக்கின் வெளிச்சத்தில் தேடினார். ஐந்து இலக்கங்களும் அங்கே இருந்தன. அத்தனை நாளும் அந்த எண் அவரோடுகூடவே பயணம் செய்துகொண்டிருந்தது!

பிரியமானவர்களே, யோசியா ராஜாவின் பதினெட்டாம் வருஷத்தில் நடந்ததும் இதுவல்லவா? தேவாலயத்தைப் பழுதுபார்க்கும் வேலை நடந்தபோது, நியாயப்பிரமாண புஸ்தகம் அகப்பட்டதாகப் பிரதான ஆசாரியனாகிய இல்க்கியா சாப்பானிடத்தில் கூறுகிறான். எங்கே அகப்பட்டது? அந்நிய தேசத்திலா? சத்துருவின் அரமனையிலா? இல்லை, கர்த்தருடைய ஆலயத்திலேயே. ஜனங்கள் அதை மறந்தார்கள். அதுவோ ஆலயத்தைவிட்டு அகலவில்லை. ஆலயத்தை இடித்ததனால் அல்ல, அதைப் பழுதுபார்த்ததனால் அந்தப் புஸ்தகம் வெளிப்பட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

"எனக்கு இப்போது ஜெபிக்கவே வரவில்லை, ஐயா" என்று சொல்லும் வாலிபனைக் குறித்து என் எண்ணம் இதுதான். அவன் இழந்தது தானே வைத்துக்கொண்ட எண்ணை. சிறுவயதில் பழகிய ஜெபவேளை, ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்த வசனங்கள், பாடகர் குழுவில் அவனுக்கிருந்த இடம் ஆகியவை தொலைந்திருக்கலாம். தேவன் அவனைத் தமது சாயலில் உண்டாக்கியபோது அவனுக்குள் எழுதினதோ தொலையவில்லை. அதை அழிக்கத் திருப்பூருக்கு அதிகாரம் இல்லை, மதுபானத்துக்கும் இல்லை, அவனுக்கே இல்லை.

ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. அந்த எண் வண்டிக்குள்ளே இருக்கிறது, வண்டியோ பூட்டியிருக்கிறது. வெளியே நிற்கிறவன் கையில் சாவியும் இல்லையென்றால், உள்ளே எழுதியிருப்பதால் அவனுக்கு என்ன பயன்? உனக்குள்ளே பார், எல்லாம் உனக்குள்ளே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவது சுவிசேஷம் அல்ல. திறவுகோலை உடைய ஒருவர் வரவேண்டும். தாவீதின் திறவுகோலை உடையவர் என்று பிலதெல்பியா சபைக்கு அறிவிக்கப்பட்டவர் அவரே.

அந்தத் திறவுகோலை உடையவர் என்ன செய்கிறார் என்பதுதான் என்னை அதிகமாய்ச் சிந்திக்க வைக்கிறது. அடுத்ததாக லவோதிக்கேயா சபைக்கு எழுதும்போது, அவர் வாசற்படியில் நின்று தட்டுகிறார். உண்டாக்கினவர் அவர், எந்தப் பூட்டின் எண்ணும் அவருக்குத் தெரியும். உடைத்துக்கொண்டு உள்ளே வர அவருக்கு வல்லமை உண்டு. வர உரிமையும் உண்டு. ஆயினும் தட்டுகிறார், சத்தத்தைக் கேட்டு உள்ளே இருக்கிறவன் திறக்கும்வரை காத்து நிற்கிறார். திறந்தால் அவர் செய்வது விசாரணை அல்ல, போஜனம்.

அப்படியானால், உண்டாக்கினவரே உடைக்காத கதவை உடைக்கும்படி என்னை அழைக்கலாமா? ஒரு பிள்ளையின் பலவீனம் எது, எதைச் சொன்னால் அவன் அழுவான், எதைச் சொன்னால் அவன் கூனிக்குறுகுவான் என்பது பெற்றோருக்குத் தெரியும். அது தெரிந்திருப்பதாலேயே அதைப் பயன்படுத்த நமக்கு உரிமை வந்துவிடாது. கோபத்தில் நாம் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் தவறாய் அழுத்திய ஓர் எண். ஏழு முறைக்குப் பிறகு அந்தப் பிள்ளை மௌனமாகிவிட்டால், அவன் இருதயம் கல்லாகிவிட்டது என்று முடிவுசெய்யாதிருங்கள். கொஞ்சம் கையை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டிய வேளை அது. மன்னிப்பதற்கும் ஏழு முறை போதுமா என்று கேட்ட பேதுருவுக்குக் கர்த்தர் கொடுத்த கணக்கு உங்களுக்குத் தெரியும்.

சபைக்கும் ஒரு வார்த்தை. நியாயாதிபதிகள் 12ஆம் அதிகாரத்தில், யோர்தான் துறையில் நின்ற கீலேயாத்தியர் கடக்க வந்தவர்களை "ஷிபோலேத்" என்று சொல்லச் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லைச் சரியாய் உச்சரிக்கத் தெரியாததால் சகோதர கோத்திரத்தாரில் 42,000 பேர் மடிந்தார்கள். நீண்ட நாளுக்குப் பின் ஆலய வாசலில் வந்து நிற்கிற ஒருவனிடம் "என்னப்பா, இப்போதுதான் வழி தெரிந்ததா?" என்று நாம் சிரித்துக்கொண்டே கேட்கிறோம். நமக்கு அது வேடிக்கை. அவனுக்கு அதுவே யோர்தான் துறை. சரியான பதிலைச் சொல்லத் தெரியாமல் அவன் அடுத்த ஞாயிறு வராமலேயே இருந்துவிடுகிறான். சபையில் ஒழுங்கு வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். வேண்டும். பழைய வண்டியின் எண்ணைத் தேடித்தரக் கேட்டாலும், வண்டி உன்னுடையதுதானா என்று பத்திரம் கேட்பார்கள், அது நியாயமே. ஆனால் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை யாருடையவன் என்பதற்கு நாம் இன்னொரு பத்திரம் கேட்க வேண்டுமோ?

லவோதிக்கேயாவின் கதவு சபையின் கதவு என்பதையும் மறவாதிருங்கள். பிள்ளை வெளியே இருக்கிறான், நாம் உள்ளே இருக்கிறோம் என்று எண்ணுகிறோம். கர்த்தர் வெளியே நின்று தட்டுவது நம்முடைய கதவாகவும் இருக்கலாம்.

இந்த வாரம் உங்கள் வீட்டில் பூட்டிய கதவு ஒன்று இருக்குமானால், அதன் முன்னே சத்தமிடாதிருங்கள். தேநீரை எடுத்துக்கொண்டு போய் மெதுவாய்த் தட்டுங்கள். திறக்காவிட்டால் நாளைக்கும் தட்டுங்கள். நான் வர வேண்டுமென்றால் நிச்சயமாய் வருவேன். ஆனால் உங்களோடு சேர்ந்து தட்டுவதற்கே வருவேன்.

ஜெபம்: எங்களை உண்டாக்கின பிதாவே, எங்களுக்குள் நீர் எழுதினதை நாங்கள் மறந்தாலும் நீர் மறவாதிருப்பதற்காக உம்மைத் துதிக்கிறோம். தூரமாய்ப் போன எங்கள் பிள்ளைகளை நினைத்தருளும். உடைக்கத் துடிக்கும் எங்கள் கைகளுக்கு, தட்டிக் காத்திருக்கும் பொறுமையைத் தாரும். எங்கள் கதவையும் உமக்குத் திறக்கிறோம். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.