மனப்பாடம் வேற, மனனம் வேற!

செமஸ்டருக்கு முந்தின ராத்திரி நாம என்ன பண்ணுவோம்? கையில ஜெராக்ஸ், கண்ணுல தூக்கம், வாயில டெஃபனிஷன். 'மனனம் பண்றேன், டிஸ்டர்ப் பண்ணாதடா'னு ரூம்மேட்டை விரட்டுவோம்.

போன வைவாவில் ஓம் விதியைக் கடகடனு ஒப்பிச்சேன். "'வெப்பநிலை மாறாத வரை'னு சொன்னியே, அது ஏன்ப்பா?" எக்ஸ்டர்னல் கேட்டது ஒரே கேள்விதான். நான் கப்சிப்!

வேதாந்தத்துல மனனம்னா மனப்பாடம் இல்லையாம் பாஸ். ஞான மார்க்கத்துக்கு மூணு படி. சிரவணம்: குருகிட்ட கேட்கிறது. மனனம்: கேட்டதை, சந்தேகம் தீர்ற வரைக்கும் நாமளே யோசிச்சு அலசுறது. நிதித்யாசனம்: தெளிஞ்ச உண்மையிலேயே மனசை நிறுத்துறது. பிருகதாரண்யக உபநிஷத்தில் யாக்ஞவல்கியர் தன் மனைவி மைத்ரேயிக்குச் சொல்ற வழி இது. அவர் சொத்தைப் பிரிச்சுக் கொடுத்துட்டுக் கிளம்பப் பார்க்க, 'இந்தச் சொத்தால சாகாம இருக்க முடியுமா?'னு மடக்கினாங்க அந்தம்மா. அந்தக் கேள்வியிலதான் பாடமே ஆரம்பம்!

'இதெல்லாம் ரிட்டயர் ஆனவங்க மேட்டர்'னு பக்கத்தைப் புரட்டாதீங்க. 1896-ல் மதுரையில, 16 வயசுப் பையன் வேங்கடராமனுக்குத் திடீர்னு மரண பயம். யாரையும் கூப்பிடலை. பிணம் மாதிரி படுத்துக்கிட்டு, 'உடம்பு செத்தா நானும் செத்துடுவேனா?'னு உள்ளுக்குள்ள விசாரிச்சார். சில வாரத்துல திருவண்ணாமலைக்குக் கிளம்பிட்டார். அவர்தான் ரமண மகரிஷி. 1900-களின் தொடக்கத்துல சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு, பேசாம எழுதிக் காட்டின பதில்கள்தான் பின்னால 'நான் யார்?' நூலாச்சு.

டெக்னிக் சிம்பிள். ஒரு எண்ணம் வந்தா, 'இது யாருக்கு வந்துச்சு?'னு கேளுங்க. 'எனக்கு'னு பதில் வரும். 'அந்த நான் யார்?' அங்கேயே நில்லுங்க. சொல்றதுக்குத்தான் சிம்பிள். விவேகம், வைராக்கியம், மன அடக்கம், விடுதலை மேல தாகம்னு இந்த ரூட்டுக்கான தகுதிப் பட்டியல் நம்ம கவுன்சலிங் கட்-ஆஃபை விட டஃப்!

நான் ஞானி எல்லாம் இல்லீங்க. ஆனா ரிசல்ட் அன்னிக்கு 'நான் வேஸ்ட்'னு மனசு சொன்னப்போ, ஒரு நிமிஷம் கேட்டுப் பார்த்தேன்: 'எந்த நான்?' மார்க் ஷீட் என் கையில இருந்துச்சு. அதைப் பார்த்துட்டு இருந்தவன் அதுக்குள்ள இல்லை.

அரியர் இன்னும் அப்படியேதான் இருக்கு. இந்த முறை மனப்பாடம் இல்லை, மனனம்!