அச்சாணி பார்க்கும் ஆள்



மாரியம்மன் நோம்பிக்கு ராட்டினத் தூரி ஏறாதவர் நம் சோமனூர்ப் பக்கம் யாராவது உண்டா? மேலே போகும்போது வயிற்றைப் பிசையும். இறங்கியதும் "இன்னொருக்கா போறேன்" என்று அம்மாவிடம் காசுக்கு நிற்போம். அந்தத் தூரியின் போல்ட்டை முடுக்கியது யார், எப்போது என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா? நானும் கேட்டதில்லை. கொல்கத்தாவில் ஒரு மர ரோலர் கோஸ்டரில் ஏறி இறங்கிய பிறகுதான் எனக்கு அந்தக் கேள்வியே வந்தது.

துணி வியாபாரமாகக் கொல்கத்தா போன மாமா என்னையும் கூட்டிப் போனார். ஒரு மாலை ஓய்வு கிடைத்தது. சால்ட் லேக் பகுதியில் 1991-இல் திறந்த நிக்கோ பார்க் இருக்கிறது. அங்கே 'சைக்ளோன்' என்று ஒரு மர ரோலர் கோஸ்டர். நம் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டரில் தண்ணீரில் சறுக்கியவன்தான் நான். ஆனால் இது வேறு சமாச்சாரம்! கட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, ஒரு பெரிய பந்தக்கால் காடு மாதிரி நின்றது.

"மாப்பிள்ளை, கட்டையெல்லாம் ஆடுது பாரு. நான் வல்லே, நீ போயிட்டு வா" என்று மாமா கீழேயே நின்றுகொண்டார்.

வண்டி மேலே ஏறும்போது கடக், கடக் என்று ஒரு சத்தம். எங்கள் தறிக்குடோன் ஞாபகம் வந்துவிட்டது. உச்சியில் ஒரு கணம் நிசப்தம். பிறகு... சொல்ல வார்த்தை இல்லை நண்பர்களே! இறங்கி வந்து மாமா வாங்கித் தந்த டீயைக் குடிக்கக்கூட கை நிற்கவில்லை.

பயம் தெளிந்ததும் படித்த படிப்பு விழித்துக்கொண்டது. இந்த வண்டிக்கு எஞ்சின் கிடையாது. சங்கிலி உச்சிக்கு இழுத்து விடுகிறது. மிச்சமெல்லாம் புவியீர்ப்பின் வேலை. 20 மீட்டர் உயரத்திலிருந்து உராய்வே இல்லாமல் இறங்கினால் வேகம் மணிக்கு 71 கிலோமீட்டர். நாம் பரீட்சைக்கு உருப்போட்ட அதே சூத்திரம்தான்! அந்தக் கடக் சத்தம், வண்டி பின்னால் உருளாமல் பல்லில் விழும் தாழ்ப்பாளின் சத்தம். வண்டி மேலே எகிறாமல் இருக்கத் தண்டவாளத்துக்கு அடியிலும் சக்கரம் உண்டு. அதற்கு 1919-இல் காப்புரிமை பெற்றவர் ஜான் மில்லர் என்ற அமெரிக்கர்.

இன்னொரு செய்தி நம் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும். 1884-இல் நியூயார்க்கின் கோனி தீவில் இந்த விளையாட்டை நடத்திப் புகழ்பெற்ற லாமார்கஸ் தாம்சன், அதற்கு முன் காலுறை பின்னும் தொழில் செய்தவர். திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் ராட்டினம் கட்டியது போல!

மரம் மக்கிவிடாதா என்று கேட்கலாம். அதே கோனி தீவில் 1927-இல் கட்டிய 'சைக்ளோன்' இன்றும் ஓடுகிறது. தாங்கும் சட்டம் எஃகு, வண்டி ஓடும் பாதை மரம். வெயிலில் மரம் சுருங்கும், மழையில் ஊறும், ஆட்டத்தில் போல்ட் தளரும். ஆகவே இத்தகைய கோஸ்டர்களில் காலையில் கூட்டம் வருமுன்னே ஆட்கள் பாதை நெடுக நடந்து பார்க்கிறார்கள். தளர்ந்ததை முடுக்குகிறார்கள், இற்ற பலகையை மாற்றுகிறார்கள். நாம் கூச்சல் போட்டு அனுபவிக்கும் சந்தோஷம் அந்த ஆளின் ஸ்பானரில் இருக்கிறது!

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது நம் பழமொழி. ஆனால் அச்சாணி பார்ப்பவனுக்கு நாம் தரும் மரியாதை என்ன?

என் அப்பாவின் வலது ஆள்காட்டி விரலுக்கு நுனி கிடையாது. அவர் கூலிக்கு ஓட்டிய தறியில் பல்சக்கரத்து மூடியை எண்ணெய் விடக் கழற்றினார்கள்; திரும்ப மாட்டவில்லை. "நாளைக்கு மாட்டிக்கலாம்" என்று நாலு மாதம் போயிற்று. மாட்டியிருந்தால் இரண்டு நிமிட வேலை. அந்த மூடியை மாட்டுவது தன் வேலை என்று அங்கே ஒருவரும் நினைக்கவில்லை. அதுதான் குற்றம்.

நம் வகுப்பிலும் அதே புத்திதான். மெயின்டனன்ஸ் வேலை என்றால் முகம் சுளிக்கிறோம். "டிப்ளமா படிச்சுட்டு ஸ்பானர் புடிக்கறதா?" என்று கேட்கிறோம். டிசைன் செய்பவர் ஒரு முறை யோசித்தால் போதும்; பராமரிப்பவர் தினமும் யோசிக்க வேண்டும். இதில் எது சின்ன வேலை?

மாணவர் மன்றத்துக்கு என் கோரிக்கைகள் இரண்டு. ஒன்று, ஒர்க்‌ஷாப்பில் ஒவ்வொரு லேத்துக்கும் ஒரு நோட்டு வைப்போம். காலையில் பத்து நிமிடம் பார்த்து, பார்த்தவர் கையெழுத்துப் போடட்டும். இரண்டு, அடுத்த நோம்பிக்கு ராட்டினக்காரரின் சம்மதத்தோடு, ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு, தூரி சுற்றுமுன் ஒவ்வொரு போல்ட்டையும் அவரோடு சேர்ந்து பார்ப்போம். அவருக்குத் தெரிந்தது நமக்கும் கொஞ்சம் வரும்.

ஊருக்குத் திரும்பியதும் அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்த ஆளுக்குச் சம்பளம் நல்லாக் குடுக்கறாங்களா கண்ணு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நாளை முதலாளியாகவும் மேனேஜராகவும் ஆகப்போகும் நண்பர்களே, அந்தப் பதிலை நீங்கள்தான் சொல்ல வேண்டும்!