உளவியல் படிக்க நம் பிள்ளையும் போகட்டும்

"உளவியலா? பைத்தியம் பார்க்கிற படிப்பா?" உயர்தரப் பெறுபேறு வந்ததும் லயத்திலும் வன்னிக் குடியிருப்பிலும் இதே கேள்விதான். நாமும் அப்படிக் கேட்டவர்கள்தான்.

1977, 1983 வன்செயல்களில் தோட்டங்களை விட்டு ஓடிய எமது உறவுகள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவில் காடு வெட்டிக் குடியேறினார்கள். டொலர் பாம், கென்ட் பாம் காணிகளில் இருந்தவர்கள் 1984இல் மறுபடி விரட்டப்பட்டார்கள். 2009இல் பலர் மிஞ்சியதையும் இழந்தார்கள். அந்த வன்னியைப் பற்றி 2010இல் எழுதிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், அதை ஆளாளுக்கு வந்த நோயாக மட்டும் பார்க்கவில்லை. சமூகமே பட்ட மனவடுவாகப் பார்த்தார். அதற்கு மாத்திரை மட்டும் போதாது, உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டும். பிரட்டுக்களம் என்றால் என்னவென்று தெரிந்த ஆளாக இருந்தால் நம் பாட்டிமார் இன்னும் கொஞ்சம் பேசுவார்கள்.

அரச பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குக் கட்டணமில்லை. நுவரெலியா, பதுளை போலவே வன்னி மாவட்டங்களும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பதால் அனுமதியில் தனி ஒதுக்கீடும் உண்டு. சாப்பாடு, தங்குமிடம், பஸ் செலவுதான் பிள்ளைகளைத் தடுக்கிறது. சந்தாப் பணத்தில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்க வேண்டும் என்று அடுத்த பொதுச்சபையில் கேட்கப்போகிறோம்.

இன்னொன்று. 2021 ஆகஸ்ட் 1இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கை, தொழில்நுட்பக் கற்கை என்ற மூன்று பீடங்களே தொடங்கின. யுத்தம் தின்ற மண்ணின் பல்கலைக்கழகம் அது. அங்கே தமிழில் உளவியல் பட்டப்படிப்பு வேண்டுமென்று மனுக் கொடுக்கிறோம். கையெழுத்துத் தாள் உங்கள் தோட்டத் தலைவரிடம் வரும்.