கணக்கு யாருக்கு வராது?

“எங்கள் பரம்பரையிலேயே கணக்கு வராது, பிள்ளைக்கு மட்டும் எங்கிருந்து வரும்?” திருச்சி வட்டாரத்துத் தொழிலாளர் வீடுகளில் இந்தப் பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம். பொன்மலையிலும் கேட்கிறோம், கொள்ளிடக் கரை வாழைத் தோட்டங்களில் கூலி வேலை செய்வோரிடமும் கேட்கிறோம். பிள்ளையை எதிரில் வைத்துக்கொண்டே சொல்கிறார்கள். பாசத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பரீட்சையில் முட்டை வாங்கியதைக் காட்டிலும் இந்த ஒரு பேச்சுதான் பிள்ளையை அதிகமாகச் சாய்க்கிறது.

அதோடு இது வாஸ்தவமும் அல்ல. ஸ்ரீரங்கத்தில் கோபுர வாசலருகே பூ விற்கும் தாயைப் பாருங்கள். வாங்கிய பூவில் எத்தனை முழம் தேறும், பொழுது சாய்வதற்குள் வாடுவது எவ்வளவு, தண்டல்காரனுக்குக் கொடுத்தது போக மிச்சமென்ன, எல்லாம் மனக்கணக்கு. கடைசல் இயந்திரத்தில் நிற்கும் தொழிலாளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் கடைகிறார். தசமபின்னம் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளையை மிரட்டுகிறதே, அது இதுதான்!

அப்படியானால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் எண்சுவடியை ராகம் போட்டு ஒப்பித்தவர்கள் பெரும்பாலும் நிலமும் கடையும் உள்ளவர்களின் பிள்ளைகள். பண்ணையாள் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் திண்ணையில் இடமில்லை. கணக்கு ஒரு பக்கம், கைநாட்டு ஒரு பக்கம். 12 மரக்கால் ஒரு கலம் என்பது களத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும். ஆனால் அளக்கிற மரக்காலே மோசடியாக இருந்தால்? 1940-களில் கீழத்தஞ்சையில் பி. சீனிவாசராவ் தலைமையில் விவசாயத் தொழிலாளர் எழுந்தபோது, சவுக்கடியை நிறுத்து என்ற கோரிக்கையோடு, முத்திரை மரக்காலால் கூலியை அளந்து போடு என்ற கோரிக்கையும் சேர்ந்தே வந்தது. எழுத்தறியாத ஜனங்கள்தாம் அந்தக் கணக்கைக் கேட்டார்கள்.

ஆகவே, பெற்றோர் அல்ஜீப்ரா கற்றுத்தர வேண்டியதில்லை. டியூஷனுக்குக் கடன் வாங்கவும் வேண்டாம். சம்பளச் சீட்டைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000 ரூபாய் என்றால், வருங்கால வைப்பு நிதிக்கு நூற்றுக்கு 12 வீதம் எவ்வளவு பிடிக்க வேண்டும்? பிள்ளை 144 என்று சொல்லக்கூடும். “மண்டையில் களிமண்ணா?” என்று பாயாதீர்கள். “எப்படிப் போட்டாய், சொல்லு கண்ணு” என்று கேளுங்கள். விடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. வாய்விட்டு விளக்கும்போதே பெரும்பாலும் பிள்ளை தன் தப்பைத் தானே பிடித்துக்கொண்டு 1,440 என்று வந்துவிடும். தானே பிடித்த தப்பு தரும் தைரியத்தை எந்த உபாத்தியாயரும் ஊட்ட முடியாது. அப்பாவுக்குச் சரியாகப் பிடித்திருக்கிறார்களா என்பதும் அன்றைக்கே வீட்டுக்குத் தெரிந்துவிடும்! பெண் பிள்ளைகளிடமும் இதே சீட்டைக் கொடுக்க வேண்டும்; அண்ணனுக்கு மட்டும் என்று ஒதுக்கக்கூடாது.

இதில் அற்ப விஷயம் எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கான 200 மதிப்பெண்ணில் சரிபாதி கணக்குக்கு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத இடம் 2021-ல் சட்டமாயிற்று. பத்தாவதோடு கணக்குக்குப் பயந்து ஓடிய பிள்ளைக்கு அந்தப் பொறியியல் கதவு திறந்திருந்தும் பயனில்லை.

ஆனால் எல்லாவற்றையும் பெற்றோர் தலையில் கட்டிவிட்டுச் சர்க்கார் கை கழுவ நாம் சம்மதிக்க மாட்டோம். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பின், 2021-ல் ‘இல்லம் தேடிக் கல்வி’யும் 2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் வந்தன, வரவேற்றோம். ஆனால் இரண்டு ஷிப்டு பார்த்துவிட்டு வரும் தகப்பனும், விடியுமுன் நடவுக்குப் போகும் தாயும் பிள்ளையோடு எப்போது உட்காருவது? வேலை நேரமும் கூலியும்கூட கணக்குப் பாடத்தோடு சம்பந்தப்பட்டவையே.

2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும்; மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். பகலில் கூட்டம் போட்டால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போகும். திருச்சி, ஸ்ரீரங்கம் பள்ளிகளில் இக்கூட்டங்களை மாலை ஆறு மணிக்குமேல் நடத்த வேண்டும் என்று கேட்கிறோம். சங்கத் தோழர்கள் கூட்டத்துக்குப் போய், கணக்கு வாத்தியார் இடம் எத்தனை மாதமாகக் காலி என்பதை முதல் கேள்வியாக எழுப்ப வேண்டும்.