இது மானிட்டர் இல்லீங்க!

போன மாசம் ஒரு சனிக்கிழமை. ஆபீஸ் நண்பர் ஒருத்தர் அலமாரியில தூசு படிஞ்சு கிடந்த வி.ஆர். ஹெட்செட்டை பாதி விலைக்கும் கீழே என் தலையில கட்ட, நானும் ஆசை ஆசையா வீட்டுக்குக் கொண்டுவந்து நம்ம லினக்ஸ் பொட்டியில சொருகினேன். தலையில மாட்டினேன். உள்ளே என்ன தெரிஞ்சுது? விண்வெளியா, ஆழ்கடலா? ம்ஹூம். என் டெஸ்க்டாப் வால்பேப்பர்ல ஒரு பசுமாட்டுப் படம் வச்சிருக்கேன். இடது கண்ணுல பாதி மாடு, வலது கண்ணுல மீதி மாடு. மூளை ரெண்டையும் ஒட்டிப் பார்த்து, முடியாம, தலை கிறுகிறுன்னு சுத்த ஆரம்பிச்சுது.

அதோட விட்டுதா? மவுஸ் அம்பு ஓடிப்போய் ஹெட்செட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு. பாஸ்வேர்டு கேட்கிற பெட்டியும் அங்கேயே போய்த் திறந்துச்சு. அதைப் பார்க்கணும்னா ஹெட்செட்டை மாட்டணும், மாட்டினா கீபோர்டு தெரியாது. நான் குருடன் மாதிரி மேசையைத் தடவுறதைப் பார்த்த தங்கமணி, "ஜட்கா வண்டிக் குதிரைக்குக் கட்டுவாங்களே, அது மாதிரியே இருக்கு. ஆனா குதிரைக்காவது முன்னாடி இருக்கிறது தெரியும்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

ஹெட்செட்டை வித்த நண்பருக்கு போன் போட்டேன். "லினக்ஸ்ல இதெல்லாம் வேலைக்கு ஆவாதுடா. விண்டோஸ் போட்டுக்கோ"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டார். இந்தப் பதிவு அந்த ஒரு வரிக்கான பதில்தான்.

முதல்ல அந்த மாடு எப்படி ரெண்டா போச்சுன்னு சொல்றேன். ஒரு திரையை கம்ப்யூட்டர்ல சொருகினதும் அது தன்னைப் பத்தி ஒரு சின்ன ஜாதகத்தை அனுப்பும். இன்ன கம்பெனி, இன்ன மாடல், இத்தனை புள்ளி, நொடிக்கு இத்தனை தடவை படத்தை மாத்துவேன்னு எல்லாம் அதுல இருக்கும். இடிஐடின்னு பேர். ஹெட்செட்டும் அதே டிஸ்ப்ளேபோர்ட் அல்லது எச்டிஎம்ஐ கேபிள்லதான் வருது, அதே மாதிரி ஜாதகத்தைத்தான் நீட்டுது. டெஸ்க்டாப் அதை வாங்கிப் பார்த்துட்டு, "ஓ, புது மானிட்டர் வந்திருக்கு"ன்னு தன் எல்லையை நீட்டி வால்பேப்பரை ஒட்டிடுது. அது மேல தப்பே இல்லைங்க. இது மானிட்டர் இல்லைன்னு அதுக்கு யாரும் சொல்லலை, அவ்வளவுதான்.

"சரி, மானிட்டராவே இருந்துட்டுப் போகட்டும். அது மேல முழுத்திரையா ஒரு விண்டோ திறந்து விளையாடிக்கலாமே?"ன்னு நீங்க கேட்கலாம். ஆரம்ப காலத்துல அப்படித்தான் செஞ்சாங்க. ஆனா ஹெட்செட்ல இருக்கிற லென்ஸ் படத்தை ஒரு மாதிரி இழுத்துக் காட்டும். அதுக்கு ஈடா கம்ப்யூட்டர் படத்தை முன்கூட்டியே எதிர்ப்பக்கமா வளைச்சு அனுப்பணும். சிவப்பு, பச்சை, நீலம் மூணும் லென்ஸ்ல வேற வேற அளவு வளையும்கிறதால ஒவ்வொண்ணுக்கும் தனிக்கணக்கு போடணும். இவ்வளவும் எத்தனை நேரத்துக்குள்ள? 2016இல் வந்த எச்டிசி வைவ் நொடிக்கு 90 படம் காட்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கிறது சுமார் 11 மில்லிசெகண்ட். 2019இல் வந்த வால்வ் இண்டெக்ஸ் 144 வரைக்கும் போகும். அதுல 7 மில்லிசெகண்டுக்கும் கொஞ்சம் குறைவு.

இந்த அவசரத்துல டெஸ்க்டாப் நடுவுல புகுந்து, "கொஞ்சம் இருங்க, எல்லா விண்டோவையும் அடுக்கிட்டு சேர்த்து அனுப்புறேன்"னு ஒரு படம் தாமதம் பண்ணினா என்ன ஆகும்? பக்கத்துல இருக்கிற 60 ஹெர்ட்ஸ் மானிட்டரோட தாளத்துக்கு ஹெட்செட்டையும் ஆடச் சொன்னா என்ன ஆகும்? நீங்க தலையைத் திருப்புவீங்க, உலகம் ஒரு கணம் கழிச்சுத் திரும்பும். வயிறு சும்மா இருக்காது. சாதாரண மானிட்டர்ல இது சின்னக் குறை. ஹெட்செட்ல இது வாந்தி. அதனால டெஸ்க்டாப் ஒதுங்கி நின்னு, வி.ஆர். நிரல் திரையோட நேரடியாப் பேசணும். பிரச்சினையே அதுதான்: வீட்டுக்கு ரெண்டு எஜமான் இருக்க முடியாதுன்னு லினக்ஸ் கட்டமைப்புல ஒரு விதி உண்டு. திரைகள் எல்லாமே டிஸ்ப்ளே சர்வர் ஒருத்தர் கையிலதான்.

இப்போ கொஞ்சம் பழைய கதை. 2012இல் கிக்ஸ்டார்ட்டர்ல பணம் திரட்டித் தொடங்கின ஓக்குலஸ், தன் ஆரம்ப டெவலப்பர் கருவிகளுக்கு லினக்ஸ் நிரல்தொகுப்பும் கொடுத்துக்கிட்டுதான் இருந்தது. 2014இல் ஃபேஸ்புக் அதை வாங்குச்சு. 2015 மே மாசம், விண்டோஸ்ல கவனம் செலுத்தணும், அதனால மேக், லினக்ஸ் வேலைகளை நிறுத்தி வைக்கிறோம்னு அறிவிச்சாங்க. எப்போ திரும்ப வரும்ங்கிறதுக்குத் தேதி சொல்லலை. 2016இல் ரிஃப்ட் கடைக்கு வந்தப்போ அது விண்டோஸுக்கு மட்டும்தான். கம்பெனி தர்ற ஆதரவு இப்படித்தான். ஒரு அறிக்கையில வரும், இன்னொரு அறிக்கையில போகும்.

வால்வ் வேற வழி எடுத்தது. 2017 பிப்ரவரியில லினக்ஸுக்கான ஸ்டீம்விஆர் சோதனைப் பதிப்பை விட்டாங்க. அதோட நிக்காம, எக்ஸ் விண்டோ உலகத்துல பழந்தின்னு கொட்டை போட்ட கீத் பாக்கார்டை ஒப்பந்தத்துல அழைச்சு, இந்தத் திரைச் சிக்கலை அடிவேர்ல சரிசெய்யச் சொன்னாங்க. அவர் கண்டுபிடிச்ச வழிக்குப் பேரு 'லீஸ்'. நம்ம பாஷையில குத்தகை.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். நிலம் முழுக்க பண்ணையார் பேர்லதான் இருக்கு. ஆனா ஒரு வயலை மட்டும் குத்தகைக்கு எடுத்தவர், தினம் போய் அனுமதி கேட்காம, தானே உழுது தானே விதைக்கலாம். குத்தகை முடிஞ்சா வயல் பண்ணையார்கிட்டயே திரும்பிடும். அதே மாதிரி டிஸ்ப்ளே சர்வர் மத்த மானிட்டர்களை வச்சுக்கிட்டு, ஹெட்செட்டை மட்டும் வி.ஆர். நிரலுக்குக் குத்தகைக்கு விடும். 2018 ஜனவரியில வந்த கெர்னல் 4.15இல் இது சேர்ந்தது. அதே வருஷம் மே மாசம் எக்ஸ் சர்வர் 1.20இல் மீதி பாதியும் வந்தது. கூடவே கெர்னல்ல ஒரு பட்டியல் வச்சாங்க. இன்ன கம்பெனி, இன்ன மாடல் எண் வந்தா அது 'நான்-டெஸ்க்டாப்', மானிட்டர் இல்லை, வால்பேப்பரை ஒட்டாதே. மாட்டை ரெண்டா வெட்டாம தடுக்கிறது இந்த ஒரு வரிதான்.

இப்ப என் பொட்டிக்கு வருவோம். மூணு வாரம், மூணு பூட்டு.

முதல் பூட்டு என் சோம்பேறித்தனம். கெர்னலை வருஷக்கணக்கா அப்டேட் பண்ணாம வச்சிருந்தேன். என் ஹெட்செட்டோட எண் அந்தப் பழைய பட்டியல்ல இல்லை. புதுசு போட்டதும் மாடு காணாமப் போச்சு. சந்தோஷமா மாட்டிப் பார்த்தா ஒரே கும்மிருட்டு. முன்னாடியாவது பாதி மாடு தெரிஞ்சுது!

ரெண்டாவது பூட்டு யூஎஸ்பி. பல ஹெட்செட்டுகள்ல படம் ஒரு கேபிள்ல வரும், பேச்சுவார்த்தை யூஎஸ்பியில நடக்கும். ஓக்குலஸ் ரிஃப்ட் மாதிரி சிலது யூஎஸ்பி வழியா "எழுந்திரு"ன்னு சொன்னாத்தான் திரையையே போடும். அந்தக் கதவைத் தட்டவே சாதாரண யூசருக்கு அனுமதி கிடையாது. ஒரு யூடெவ் விதிக் கோப்பு போட்டு அனுமதி கொடுக்கணும். கொடுத்தேன். விளக்கு எரிஞ்சுது. படம் வரலை.

மூணாவது பூட்டு லேப்டாப்ல. என்னோடதுல ரெண்டு கிராஃபிக்ஸ் சிப் இருக்கு. பக்கவாட்டுல இருக்கிற யூஎஸ்பி-சி துளை சின்ன சிப்போட போய் சேருது. நிரல் ஓடுறதோ பெரிய சிப்புல. குத்தகைக்குக் கேட்ட இடம் ஒண்ணு, வயல் இருக்கிற இடம் இன்னொண்ணு. பின்பக்கத் துளைக்குக் கேபிளை மாத்தினேன்.

ராத்திரி பதினொன்றரை. ஒரு சாம்பல் நிறத் தரை, அதுல கட்டம் கட்டமா கோடுகள், தூரத்துல அடிவானம். அவ்வளவுதான் காட்சி. ஆனா தலையைத் திருப்பினா அந்தக் கோடுகள் அசையாம அது அது இடத்துலயே நின்னுது. குனிஞ்சேன், தரை கிட்ட வந்தது. ஒரு வெறும் தரையைப் பார்த்து நான் சின்னப் பையன் மாதிரி கத்தினதுல பக்கத்து ரூம்ல தூங்கினவங்க எழுந்துட்டாங்க. மறுநாள் காபி சூடு கம்மியாத்தான் வந்துச்சு. :-)

இதுல நம்ம பக்கத்துக் குற்றத்தையும் ஒத்துக்கணும். இந்த மூணு பூட்டுல ஒண்ணுகூட "நான்தான் பூட்டு"ன்னு வாயைத் திறந்து சொல்லலை. எல்லாமே இருட்டு. லாக் கோப்புல எங்கேயோ ஒரு வரி முனகிக்கிட்டு இருக்கும், தேடிப் பிடிச்சாத்தான் உண்டு. அப்புறம், எக்ஸ் சர்வர்ல 2018இல் தீர்ந்த குத்தகைப் பிரச்சினை, டெஸ்க்டாப்புகள் வேலண்டுக்கு மாறினப்போ திரும்ப முதல்லேருந்து வந்தது. வேலண்டுக்கான குத்தகை நெறிமுறை 2021இல்தான் முடிவாச்சு. கேடிஇ 2022இல் சேர்த்தது, க்னோம் 2024இல். ஆக, ஒரே கெர்னல், ஒரே ஹெட்செட், ஆனா லாகின் பண்றப்போ எந்த டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுத்தீங்கங்கிறதைப் பொறுத்து படம் வரும் அல்லது வராது. இதைப் புதுசா வர்ற ஒருத்தருக்கு எப்படி விளக்குவீங்க? "லினக்ஸ்ல ஆவாது"ன்னு நண்பர் சொன்னதுக்கு இந்த ஆறு வருஷமும் ஒரு காரணம். பொறுமை இருக்கிறவனுக்கு மட்டும் திறக்கிற கதவைத் திறந்த கதவுன்னு சொல்லிக்க முடியாது.

ஆனா அந்த வாதத்துக்கு மறுபக்கம் ஒண்ணு இருக்கு. மைக்ரோசாஃப்ட் 2017இல் விண்டோஸ் மிக்ஸட் ரியாலிட்டின்னு ஆரம்பிச்சு, எச்பி, டெல், லெனோவோ, ஏசர், சாம்சங் எல்லாரும் அதுக்கு ஹெட்செட் போட்டாங்க. எச்பி ரிவெர்ப் ஜி2 வந்ததே 2020இல்தான். 2023 டிசம்பர்ல இதைக் கைவிடறோம்னு அறிவிச்சாங்க. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்புல அந்தப் பகுதியையே எடுத்துட்டாங்க. கண்ணாடி உடையலை, கேபிள் அறுபடலை, ஒரு அப்டேட்ல கருவி ஊமையாச்சு. பிறகு 2025இல் ஒரு நிரலாளர் தன் சொந்த முயற்சியில என்விடியா கார்டு இருக்கிறவங்களுக்கு மட்டும் அதுக்கு உயிர் கொடுத்தார்.

அதே ஹெட்செட்டுகளோட எண்கள் லினக்ஸ் கெர்னல் பட்டியல்ல இருக்கு. 2019இல் கொலாபொரா நிறுவனம் அறிமுகப்படுத்தின மொனாடோங்கிற திறமூல நிரல்ல அதுகளுக்கு டிரைவரும் இருக்கு. எல்லா வசதியும் வந்துடலை, சரி. ஆனா அதை எந்தக் கம்பெனியும் ஒரு அறிக்கை விட்டு எடுத்துட முடியாது. ஆதரவு வேற, அனுமதி வேற. ஆதரவு கம்பெனியோட தயவு. கருவி எப்படிப் பேசும்னு வெளியே தெரிஞ்சு, அது கெர்னல்ல எழுதியும் வச்சாச்சுன்னா, அது நம்ம உரிமை.

இன்னொரு வேடிக்கை. மெட்டாவோட குவெஸ்ட் ஹெட்செட்டுக்குள்ள ஓடுறது ஆண்ட்ராய்டு, அதாவது அடியில லினக்ஸ் கெர்னல். வால்வ் 2025 நவம்பர்ல அறிவிச்ச ஸ்டீம் ஃப்ரேமோட ஸ்டீம்ஓஎஸ்ஸும் லினக்ஸ்தான். லினக்ஸைத் தலையில மாட்டிக்கிட்டே "லினக்ஸ்ல வி.ஆர். ஆவாது"ன்னு சொல்றவங்களை என்ன பண்றது!

அதனால ஹெட்செட் வாங்கப் போற மக்களே, எத்தனை புள்ளி, எத்தனை ஹெர்ட்ஸ்னு கேட்கிறதோட இன்னொரு கேள்வியும் கேளுங்க: "இந்தக் கம்பெனி நாளைக்குக் கையை விரிச்சா, இதுல படம் காட்ட யாருக்காவது வழி தெரியுமா?" தெரியும்னா வாங்குங்க. தெரியாதுன்னா, நீங்க வாங்கலை, குத்தகைக்கு எடுத்திருக்கீங்க. அதுவும் எப்ப முடியும்னு எழுதாத குத்தகை.

நண்பருக்குத் திரும்ப போன் பண்ணி "ஓடுதுடா"ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் கேட்டார்: "அப்போ திருப்பிக் கொடுக்கிறியா?"

டிஸ்கி: வால்பேப்பர்ல மாடு இன்னும் அப்படியேதான் இருக்கு. முழுசா.